இருபத்திரண்டாயிரம்

காவேரிப்பட்டணம்,
வியாழன் இரவு

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் "எவ்வளவு தருகிறான்?" என்பதுதான் உன் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல முகமில்லாமல்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. பாக்கியத்தின் மகனுக்கு ஓசூரில் பெண் அமைந்துவிட்டது. பத்திரிகை உனக்கும் வரும். அந்த மண்டபத்திலும் நம் விடுதியின் மூன்றாம் எண் அறைப் பூனையின் கதையை ஆரம்பித்துவிடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அத்தை போன ஐப்பசியில் காலமானதிலிருந்து வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது. ஏழு வருடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்த கைக்குத் திடீரென்று வேலை இல்லை. அப்போதுதான் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் சீசனுக்கு முன்பே தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. பழைய வேலைதானே, தெரியாததா என்று விண்ணப்பம் போட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது. நான் வேலையை விட்டது 2017இல். அதற்கு அடுத்த வருடமே உணவுப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 22000 தரத்தைத் திருத்திப் புதிதாக வெளியிட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு. எனவே ஒரு மாதம் உட்கார்ந்து உருப்போட்டேன். உணவில் ஆபத்து எங்கே வரும் என்று கண்டுபிடித்துத் தடுக்கும் ஹசாப் முறையின் ஏழு விதிகள், கூழின் பி.எச். அளவு (புளிப்பு கூடினால் இது குறையும்) ஏன் 4.6க்குக் கீழேயே இருக்க வேண்டும், கார்பைடு கல் ஏன் கூடாது, பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன் வாயு 100 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டக் கூடாது என்பது வரை எல்லாம். அடுப்பில் ரசம் பொங்கும்போதும் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஏதோ மந்திரம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டம்மா நினைத்துக்கொண்டார்.

தீபா பிளஸ் டூ பரீட்சை முடிந்து சும்மா இருக்கிறாள் அல்லவா, அவளிடம் மாட்டிக்கொண்டேன். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கள் மேடம், ஏழு வருடமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டாள். முதல் நாள் அந்தக் கேள்விக்கு அழுதுவிட்டேன். இரண்டாம் நாள் கால் மணி நேரம் விளக்கம் சொன்னேன். மூன்றாம் நாள்தான் அவள் சொன்னாள்: "அம்மா, நீ மன்னிப்புக் கேட்பது போலவே பேசுகிறாய். மூன்று வாக்கியம் சொல், அப்புறம் வாயை மூடிக்கொள்." பதினேழு வயதில் நமக்கு இந்தப் புத்தி இருந்ததா? நீ வார்டனிடம் பொய் சொல்லத் திணறியதுதான் நினைவுக்கு வருகிறது.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிறவர். நம் பக்கத்தில் இதெல்லாம் புதிதா என்ன? ஏழு வருடக் கேள்விதான் முதலில் வந்தது. "மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது இரவு ஷிப்டுக்கும் வர முடியும்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த அமைதியில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. அவர் தலையசைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். இந்த ஒரு கேள்விக்காகவா ஒரு மாதம் தூக்கத்தைத் தொலைத்தேன்!

அடுத்தது உனக்கும் பிடிக்கும். ஓரத்தில் இருந்த இளைஞர், "பெங்களூரா கூழ், பிரிக்ஸ் 14 வர வேண்டும். மீட்டர் 13.6 காட்டுகிறது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். (பெங்களூரா என்றால் நம் கிளிமூக்கு மாம்பழம்தான், பிரிக்ஸ் என்றால் கூழில் உள்ள சர்க்கரையின் அளவு.) எனக்கு உள்ளுக்குள் மத்தாப்புக் கொளுத்தியது போல இருந்தது. "கூழ் சூடாக இருந்ததா என்று முதலில் பார்ப்பேன்" என்றேன். சூடான கூழை வைத்தால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். ஆற வைத்து, கண்ணாடியைத் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்த்து, மறுபடி எடுத்த பிறகும் குறைந்தால்தான் அந்தத் தொகுதியை நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு நிறுத்தினால் நஷ்டம், அசட்டையாக விட்டால் இன்னும் பெரிய நஷ்டம். இதெல்லாம் கரையான் தின்ற நோட்டில் இருந்ததல்ல, கையில் இருந்தது.

மூன்றாமவர் ஒரு பெண்மணி. அதுவரை பேசவே இல்லை. "உங்கள் சொந்தக்காரர் வண்டியே வாசலில் நிற்கிறது, பழுக்காத காய் கலந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்றார். சந்தூரில் அண்ணனுக்குத் தோப்பு இருப்பது உனக்குத் தெரியும். சீசனில் தொழிற்சாலை வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்க, வெயிலில் பழம் கொதிக்க, ராத்திரி முழுக்க அண்ணன் அங்கேயே படுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். ஒரு நிமிடம் தொண்டை அடைத்தது. பிறகு, "திருப்பி அனுப்புவேன். ஆனால் காத்திருக்க வைக்க மாட்டேன், வந்த உடனே பார்த்துச் சொல்லிவிடுவேன்" என்றேன். அதைப் பெருமையாக அண்ணியிடம் சொல்லித் தொலைத்தேன். அண்ணன் என்னோடு பேசி இன்றைக்கு ஐந்து நாள் ஆகிறது. அது தனிக் கதை. யோசித்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கடைசியாகக் கேட்டார்கள்: "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?"

வசந்தி, தீபாவும் நானும் இதை மட்டும் ஒத்திகை பார்க்கவில்லை. மனதில் முப்பது இருந்தது. விடும்போதே பதினெட்டு வாங்கினேன், ஏழு வருடத்தில் எண்ணெய் விலை என்ன ஆகியிருக்கிறது, பஸ் கட்டணம் என்ன ஆகியிருக்கிறது! சொந்த அண்ணன் வண்டியைத் திருப்பி அனுப்புவேன் என்று சொன்ன அதே வாய், "உங்கள் கம்பெனி வழக்கப்படி பார்த்துக் கொடுங்கள் சார்" என்றது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. "இருபத்திரண்டு." நான் தலையாட்டிவிட்டேன். போதாததற்கு "நன்றி" வேறு சொன்னேன்! ஒரு மாதம் ஐ.எஸ்.ஓ. 22000 என்று ஜபித்ததற்குச் சம்பளமாகவே வரம் கிடைத்துவிட்டது என்று இவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. விடுதி மெஸ்ஸில் நான் சாப்பிடாத தோசைக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வருவேனே, நீ போய்ச் சண்டை போட்டுத் திருப்பி வாங்கி வருவாயே, அதே ஆள்தான் நான் இன்னமும். ஏழு வருடம் ஒருவருக்குச் செய்ததைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்றே இருந்துவிட்டு, இப்போது என் விலையை நானே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

நியமனக் கடிதம் நேற்று வந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை, சேர்வதற்குப் பத்து நாள் இருக்கிறது. இருபத்தெட்டு கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அனுபவம், இரவு ஷிப்டு, போக்குவரத்துச் செலவு எல்லாம் விவரமாக இருக்கிறது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் நான்கு இடத்தில் "தயவுசெய்து" வருகிறது, இரண்டு இடத்தில் "மன்னிக்கவும்". சிவப்புப் பேனாவை எடுத்து எவையெவற்றை அடிக்க வேண்டுமோ அடித்துப் புதன்கிழமைக்குள் கிடைக்கும்படி கூரியரில் அனுப்பு. முப்பது என்றே மாற்றிவிட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அதையும் உன் கையாலேயே எழுதிவிடு.

உன்
கலா

பி.கு. நிப்பட்டு இரண்டு பாக்கெட் அனுப்புகிறேன். இந்த முறையாவது அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பங்கு போட்டுவிடாதே.