பாட்டிலை மூடுவதற்கு முன்னால்

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அவளுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய போட்டோ வந்தது. நீ பாட்டிலில் கேஸோடு அடைக்கப்போகிற தேன் மது நல்ல பொன்னிறமாய்த் தெளிந்திருக்கிறது. ஸ்காட்லாந்து மலைத்தேன் என்று சொன்னாயே, அந்த நிறம் அப்படியே இறங்கியிருக்கிறது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன், அம்மாவிடமும் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆனால் பாட்டில் வரிசையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மூன்றாவதாக நிற்கிற அந்தச் சதுர பாட்டிலை எங்கே பிடித்தாய்? சதுர பாட்டிலில் மூலைதான் முதலில் விடும். அதற்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் சாதாரண ஒயின் பாட்டில், கேஸ் இல்லாத சரக்குக்குச் செய்தது. தக்கை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால் தப்பித்தாய், கண்ணாடியே விட்டுப்போனால்? அத்தனையும் ஹீட்டர் ஓரத்தில் வேறு. சோடாக்கடையில் வளர்ந்த பெண் செய்கிற காரியமா பாப்பா இது? சித்தப்பாவின் கையைப் பார்த்த பிறகுமா?

நம் கடையில் கேஸை சிலிண்டரிலிருந்து நாம் விட்டோம். முள் எங்கே நிற்கிறதென்று மீட்டர் சொல்லும். பாட்டிலை உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டியைச் சுற்றும்போது பாட்டில் வெடித்தால் பெட்டிக்குள்ளேயே போகும். கோலி பாட்டில் கண்ணாடியும் நல்ல தடிமன். உன் பாட்டிலில் கேஸ் உள்ளேயே பிறக்கிறது. நொதிக்கவைக்கிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அழுத்தம் ஏறும், பார்க்க மீட்டர் கிடையாது. மூடிய அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் கழித்து, நீ பக்கத்தில் நடக்கும்போது விடும். வீட்டில் நீ மட்டும் இருக்கிற நேரமாக இருந்தால் என்ன செய்வாய்?

அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் 1.010-இல் நிற்கிறது, குமிழி நின்றுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மூடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். மூடாதே. தேனில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய சத்து குறைச்சல். அதனால் இழுத்து இழுத்துத்தான் வேலை செய்யும். குளிரில் தூங்கிப்போனாலும் முடிந்துவிட்ட மாதிரியே தெரியும். 1.010-இலிருந்து 1.000-க்கு இறங்க லிட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை உள்ளே மிச்சம் இருக்கிறதென்று கணக்கு. ஷாம்பெயின்காரர்கள் பாட்டிலில் லிட்டருக்கு 24 கிராம் போட்டுத்தான் 6 அட்மாஸ்பியர் அழுத்தம் வரவைக்கிறார்கள். அதைத் தாங்கத்தான் அவர்கள் பாட்டில் முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கிறது. அந்த மிச்சத்தின் மேல் நீ தேன் வேறு ஊற்றப் போவதாகச் சொல்கிறாய்.

20 டிகிரி இருக்கிற அறையில் வை. 1.000 வரைக்கோ அதற்கும் கீழேயோ இறங்கட்டும். பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை அள. இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடுத்த வேலை. அப்புறம் லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை போதும். தேன்தான் போடுவேன் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட தண்ணீர், அதனால் கால் பங்கு கூட்டிக்கொள். மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் கலந்து நிரப்பு. பாட்டில் பாட்டிலாகக் கரண்டியில் போட்டால் ஒன்று சப்பென்று இருக்கும், இன்னொன்று வெடிக்கும். கழுத்தில் ஓர் அங்குலம் காலி விடு. பீர் பாட்டில், இல்லாவிட்டால் ஷாம்பெயின் பாட்டில், வேறெதுவும் வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றிலும் அதையே நிரப்பிக் கூடவே வை. தினமும் அமுக்கிப் பார், கல்லு மாதிரி ஆகிவிட்டால் மற்றதெல்லாம் குளிர்பெட்டிக்குப் போகவேண்டும்.

மாப்பிள்ளைக்கு இனிப்பாக இருந்தால்தான் பிடிக்கும் என்று போன வருஷம் சொன்னாய். இந்தத் தடவை அதைப் பற்றி எழுதவில்லை. இனிப்பாக வேண்டுமானால் அதற்கு வழியே வேறு. சார்பேட், சல்பைட் என்கிற மருந்துகளைப் போட்டு ஈஸ்ட்டை அடக்கிவிட்டு இனிப்புச் சேர்த்து, கெக் என்கிற உலோகப் பீப்பாயில் ஊற்றி, சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்ற வேண்டும். நன்றாகக் குளிரவைத்து ஏற்று. குளிர்ந்த தண்ணீர்தான் கேஸ் பிடிக்கும், அதற்குத்தானே விடியக்காலையில் ஐஸ் கட்டிக்கு ஓடினோம். யாருக்கு இனிப்பு, யாருக்கு வேண்டாம் என்று முதலில் முடிவு செய்துகொள்.

பெரியத்தை வந்திருந்தாள். "வெளிநாட்டுல இருந்துக்கிட்டு பொண்ணு சாராயமா காய்ச்சுது" என்றாள். மலையில் இருந்த நம் ஆட்கள் மூங்கில் குழாயில் தேனை ஊற்றிவைத்துத் தேறல் என்கிற மது ஆக்கியவர்கள்தான், 1963-லிருந்து இங்கிலாந்தில் வீட்டுக்குக் காய்ச்ச லைசென்ஸ்கூட வேண்டாம், என் மகள் விற்கவா போகிறாள் என்று சொல்லிவிட்டேன். நீ ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி, அளவு எழுதி ஒட்டியிருக்கிற அழகை அவளுக்குக் காட்டினேன். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் இருபது லிட்டர் எதற்கம்மா? யார் வருகிறார்கள்?

போட்டோவில் கதவு தெரிந்தது. கொக்கியில் உன் கோட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருப்பார் என்று அம்மாவிடம் சொன்னேன். பொங்கலுக்கும் வேலைக்குத்தான் போயிருந்தார், அதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான்.

பாட்டிலைத் தூக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள், கனமான கையுறையும். சதுர பாட்டிலைத் தூக்கிப்போடு. துணைக்கு ஒருவர் இருக்கும்போதே திற. அவர் இருந்தால் அவர், இல்லையென்றால் உன் ஆபீஸ் தோழி. ஒருவரும் இல்லையென்றால் திறக்காதே, எனக்கு போன் போடு. ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இரண்டு அளவையும் எழுது. ஒன்றாக இல்லாவிட்டாலும் எழுது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மா எதையும் கேட்கமாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். ஊருக்கு வரவேண்டும்போல் இருந்தால் லீவு மட்டும் போடு, டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: பாட்டில்களை ஹீட்டர் ஓரத்திலிருந்து இன்றைக்கே எடுத்துவிடு.