வட்டம் விழுந்தால் மருந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடற்கரை அடப்பங்கொடி இலையில் மாணவர்கள் கிருமிக்கொல்லி மருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் போன மாதம் மாவட்டப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்களிடமும் இதே சோதனை நடந்தது. மண்டபம் ஊர்ப் பக்கம் மணலில் படர்ந்து கிடந்ததைப் பறித்து வந்து, நிழலில் உலர்த்தி, மிக்சியில் பொடித்து, எத்தனாலில் (சாராயம்தான்) ஊறப்போட்டு மாணவர்கள் வடிகட்டினார்கள். வடித்ததில் இரண்டு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டதும் கரும்பச்சை ஆனது, டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது என்று நோட்டில் ஏறிவிட்டது. தண்ணீர் கலந்து குலுக்கினால் நுரை நின்றது, அது சப்போனின் என்ற நுரைக்கும் பொருள். சரி, இதுவரை தப்பில்லை (டீத்தண்ணீரில் விட்டாலும் இப்படிக் கறுக்கும் என்பது வேறு விஷயம்).

அப்புறம் 6 மி.மீ. காகித வில்லையை அந்தச் சாற்றில் நனைத்து, ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமியைப் பூசிய தட்டில் வைத்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி விட்டுக் காலையில் திறந்தால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அதே தட்டின் ஓரத்தில் வெறும் எத்தனாலில் நனைத்த வில்லை ஒன்று இருந்ததை நான்தான் காட்டினேன். அதைச் சுற்றியும் ஏறக்குறைய அதே அளவு வட்டம்! வில்லையைக் காயவிடாமல் ஈரத்தோடு வைத்திருக்கிறார்கள், கிருமியைத் தடுத்தது சாராயம். இலை ஏதாவது செய்ததா என்று அந்தத் தட்டை வைத்துச் சொல்லவே முடியாது.

அதனால் இப்படிச் செய்தி வந்தால், வெறும் கரைப்பானுக்கு (இலையை ஊறப்போட்ட எத்தனால் போன்றதற்கு) எத்தனை மி.மீ. வட்டம் வந்தது, ஆன்டிபயாடிக் வில்லைக்கு எத்தனை என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்கட்டும். உண்மையிலேயே வட்டம் விழுந்தாலும் அது தட்டில் நடந்ததுதான், உடம்பில் அல்ல.

எங்கள் தெருவில் திருக்கை முள் குத்திய ஒருவர், செய்தியை நம்பி இலையை அரைத்துக் கட்டிக்கொண்டு நாலு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். கடல்தண்ணீர் பட்ட காயத்தில் விப்ரியோ ஏறலாம், அந்தக் கிருமியை எங்கள் தட்டில் நாங்கள் வைத்துப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று, செய்தியோடு நீங்கள் போட்ட படத்தில் இருப்பது அடப்பங்கொடி இல்லை, ராவணன் மீசைப் புல்.

இப்படிக்கு,
ஆய்வக உதவியாளர் ஒருவர்,
உச்சிப்புளி