மன உறுதியை மருந்துச் சீட்டில் எழுதாதீர்கள்

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வாரம் என் அண்ணனை எங்கள் ஊர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சிகரெட்டை விட வேண்டும் என்று அவராகவே கேட்டு வந்தார். கிடைத்தது நுரையீரல் படம் போட்ட நோட்டீஸ் ஒன்றும், "மனசு வெச்சா முடியும்பா" என்ற அறிவுரையும். மருந்து? "நிகோட்டின் கம் வெளியே வாங்கிக்கங்க."

வாங்கினோம். சிகரெட் ஆசையைத் தணிக்க, வாயில் போட்டு மெல்லுகிற மருந்து அது. எப்படி மெல்லுவதென்று யாரும் சொல்லவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே பபிள்கம் மாதிரி மென்று தள்ளினார். விக்கல், குமட்டல். "இதுக்கு சிகரெட்டே தேவலை" என்று பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ, காபி குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் நிகோட்டின் சரியாக ஏறாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா?

எது எவ்வளவு கைகொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மருந்தோ ஆலோசனையோ துணையில்லாமல் சிகரெட்டை விடுகிறவர்களில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர் நூற்றுக்கு ஐந்து பேர் இருந்தாலே அதிகம். தனிக் கம்மைவிட, தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோட்டின் பேட்ச்சும் கம்மும் சேர்ந்தால் பலன் கூடுதல். 2016இல் 8,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில் சிகரெட்டை விட உதவும் வரெனிக்லின் மாத்திரை, பேட்ச்சையும் புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரையையும் முந்தியது. ஆலோசனையும் கூட இருந்தால் எல்லாமே இன்னும் நன்றாக வேலை செய்யும். கம், பேட்ச் போன்ற நிகோட்டின் மாற்று மருந்து 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. பட்டியலில் இருப்பது கவுண்டருக்கு எப்போது வரும்?

சிகரெட் பாக்கெட்டில் அச்சடித்த 1800-11-2356 என்ற புகையிலையை விட உதவும் தொலைபேசி எண் நல்ல ஏற்பாடுதான். ஆனால் டீக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்குகிறவர் பாக்கெட்டை எங்கே பார்க்கிறார்? சிகரெட் ஒற்றையாகக் கிடைக்கிறது, கம் மட்டும் முழுப் பட்டையாக வாங்க வேண்டும். அன்றாடக் கூலிக்காரர் எதை வாங்குவார்?

மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் வந்தால் பேரணி, உறுதிமொழி, போட்டோ. அந்த ஃபிளெக்ஸ் காசுக்கு எத்தனை பட்டை கம் வரும் என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா? வெயிலில் பதாகை பிடிக்கும் நர்சிங் மாணவிகளில் ஒருவரை வெளிநோயாளிகள் பிரிவில் உட்காரவைத்து, கம் மெல்லவாவது சொல்லித்தரச் செய்யலாமே.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: கம், பேட்ச், மாத்திரை மூன்றையும் இலவசமாக வையுங்கள், அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல ஓர் ஆளையும் போடுங்கள். மருந்தும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கட்டும்.

அடுத்த மாதம் மறுபடி வர அண்ணன் சம்மதித்திருக்கிறார். அதற்குள் கவுண்டரில் மருந்து இருக்கும்படி செய்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு லோடு ஆட்டோ ஓட்டுநரின் தங்கை