பிறப்புச் சான்றிதழ், மூன்று நகல்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட பிறப்புச் சான்றிதழை வாங்கிவிட்டேன். மூன்று நகல், மூன்றிலும் நோட்டரி முத்திரை. கூரியரில் போட்டிருக்கிறேன், கிடைத்ததும் தகவல் சொல். நீ போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வாசலுக்குப் போய்விடுகிறேன் என்று உனக்குக் குறை. அம்மா சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் ஆயிற்று, நம் வாய்க்காலுக்கு முந்தாநாள்தான் தண்ணீர் எட்டிப் பார்த்தது. திருத்துறைப்பூண்டிக்கு இந்தப் பக்கம் எந்த வருஷம்தான் முன்னால் வந்தது? அம்மாவுக்கு முட்டிவலி. கொல்லை மாமரம் இந்த வருஷம் காய்க்கவில்லை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவன் கீழண்டை வீட்டுப் பையன். "திடீரென்று எதற்குப் பெரியப்பா?" என்று கேட்டான். ஆபீசில் கேட்கிறார்களாம் என்றேன். அவன் அதோடு விட்டுவிட்டான். நானும் உன்னிடம் கேட்கவில்லை. காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொள். பழையதையும்தான்.

2021 சித்திரை உனக்கு மறந்திருக்காது. அப்பாயி காரியத்துக்கு வந்தாய். ஏப்ரல் 26-ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட். கொரோனாவுக்குப் பயந்து 23-ஆம் தேதி நள்ளிரவோடு சிங்கப்பூர் கதவைச் சாத்தியது. பதினான்கு நாளுக்குள் இந்தியாவில் இருந்தவன், வேலை அனுமதி வைத்திருந்தாலும், உள்ளே வரக்கூடாது. உன் அறையில் தங்கியிருந்த காரைக்குடிக்காரர் நிரந்தரவாசி, அவர் போய்விட்டார். நீ திண்ணையில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு அக்டோபர் கடைசி வரை உட்கார்ந்திருந்தாய். அதற்குள் வேலையும் போயிற்று. ஒன்பது வருஷம் உழைத்தவனை ஒரே இரவில் அந்நியனாக்கிவிட்டார்கள் என்று நான் அந்த நாட்டை வைதது நம் தெருவுக்கே தெரியும். நீதான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே மனத்துக்குள் ஏதோ முடிவு செய்துகொண்டாய் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் கதவைச் சாத்திய மறுநாளே அதே சாங்கி விமான நிலையத்திலிருந்து ஆக்சிஜன் கொள்கலன்களை ஏற்றிக்கொண்டு நம் விமானப்படை விமானம் வந்தது. நாலு நாள் கழித்து அவர்களுடைய விமானப்படையே 256 சிலிண்டர்களைக் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு செய்தியும் பேப்பரில் இருந்தன. டீக்கடையில் நான் உரக்கப் படித்தது ஒன்றைத்தான். கென்யா 12 டன் தேயிலை, காப்பி, நிலக்கடலை அனுப்பியதாக வந்தபோது கடையில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாளில் யார் வீட்டுச் சோறு வந்தது என்று அப்பாயி சாகும்வரை கணக்கு வைத்திருந்தாளே.

ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரனுக்கு இந்தக் கணக்கு புதிதா? வெள்ளக் காலத்தில் காவிரியில் கர்நாடகம் திறந்துவிடுவது கொடையாகுமா? 2018-இல் உச்ச நீதிமன்றம் நமக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் என்று எழுதிக் கொடுத்ததும் நல்ல மழை வருஷத்துக்குத்தான் ஒழுங்காக ஓடுகிறது. சண்டையெல்லாம் வறட்சியை எப்படிப் பங்கு போடுவது என்பதில். தடுப்பூசி விஷயத்தில் நாமே தலைமடையாக இருந்தோம். 2021 ஜனவரியில் பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் முதலில் அனுப்பியபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, உனக்குப் போன் செய்துகூடச் சொன்னேன். இரண்டாம் அலை வந்ததும் மடையை அடைத்துவிட்டோம். நம் ஊசியை நம்பி மார்ச் கடைசியில் முதல் தவணை போட்ட பூட்டான் ஜூலை வரை காத்திருந்து, அமெரிக்காவும் டென்மார்க்கும் அனுப்பியதை வைத்து இரண்டாம் தவணை போட்டது. நம் வீட்டிலேயே பிணம் விழும்போது வேறு என்ன செய்ய முடியும் என்பாய். நியாயம்தான். கர்நாடகத்து மாண்டியா விவசாயியும் அதையேதான் சொல்கிறான். 2025 மே மாதம் ஜெனிவாவில் உலக சுகாதார அமைப்பின் நாடுகள் பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றினார்கள். கிருமி மாதிரியைக் கொடுத்தவனுக்கு மருந்தில் என்ன பங்கு என்கிற பகுதியை மட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். காவிரிக்காரனிடம் கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் பேசச் சொல்லியிருப்பான்.

நம் நாடும் கதவைச் சாத்தத்தான் செய்தது. 2020 மார்ச் 13 முதல் விசாக்களை நிறுத்தினார்கள். இங்கே பிறந்து வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டவர்கள் அவர்களுக்கென்று நம் அரசு கொடுக்கும் ஓசிஐ அட்டையைக் காட்டியும் வர முடியவில்லை. மே கடைசியில்தான், வீட்டில் சாவு மாதிரி அவசரம் இருந்தால் வரலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அன்றைக்குப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்த துண்டு சான்றிதழ் தேடும்போது பீரோவில் கிடைத்தது. அவ்வளவுதான். காகிதம் எதையும் தூக்கிப் போட்டுவிடாதே.

கீழண்டை வீட்டுப் பையன் என்றேனே. அவன் 2020 மார்ச்சில், விமானம் நிற்பதற்குச் சில நாள் முன்னால், துபாயிலிருந்து வந்தான். சுகாதாரத் துறையினர் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் செய்தது அதோடு சரி. சந்து முனையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டது நாங்கள். பால்காரரை அந்த வீட்டுக்குப் போகாதே என்று தடுத்தது நான். உன்னிடம் யார் யாரோ செய்ததாகச் சொன்னேன், இல்லை, நான்தான். அவன் அப்பா, நாற்பது வருஷமாக என்னோடு டீ குடித்தவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "வாத்தியாரே, பிள்ளைக்குக் காய்ச்சல்கூட இல்லை" என்று கூப்பிட்டார். காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டேன். பையனுக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. அந்த வருஷமே அவர் மாரடைப்பில் போனார். சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி இருந்தது. அதைச் சாக்கு வைத்துக்கொண்டு நான் போகவில்லை. எதிரில் இருபது அடி தூரம், தம்பி. மறுவருஷம் சிங்கப்பூரை நான் வைதபோது அந்தப் பையன் அதே டீக்கடையில் தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் உண்டு. நீ வேலை போய்க் கிடந்த அந்த ஆறு மாதமும் நான் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். சம்பா விதைப்புக்கு வரப்பில் நீ நின்றாய், ராத்திரி ஒரு இலை கூடுதலாகப் போட்டார்கள். கதவு சீக்கிரம் திறந்துவிடக் கூடாதே என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேன்.

வேறு ஏதாவது சான்றிதழ் தேவைப்பட்டாலும் எழுது. அவனிடமே சொல்லி வாங்கி அனுப்புகிறேன். தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா