சண்முகத்துக்கு, ஒரு ரோட்டைப் பற்றி

அன்புள்ள சண்முகம்,

பேத்தி பிறந்த சேதிக்கு ஒரு வரி பதில் போடாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று திட்டுவாய். படித்து முடித்துவிட்டுத் திட்டு. குழந்தைக்கு என் ஆசி. தங்கச்சி முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. அண்ணாச்சி இன்னும் பழைய பாக்கியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா?

மகளைப் பார்க்க பிரான்ஸ் போய்வந்தேன் அல்லவா. ஈஃபில் கோபுரம், கடல் மாதிரி அரண்மனை எல்லாம் உன் அண்ணி வாட்சப்பில் அனுப்பியிருப்பாள். நான் எழுதுவது ஒரு ரோட்டைப் பற்றி. சிரிக்காதே, உன்னோடு நாற்பது வருஷம் ரோடு வேலை பார்த்தவன் புத்தி வேறெங்கே போகும். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, கிழவன் ஆசைப்பட்டானே என்று ஒரு சனிக்கிழமையைத் தியாகம் செய்து பார்-லெ-டுக்கிலிருந்து வெர்டன் வரை ஓட்டிக் காட்டினார். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இருபுறமும் வயல், மேடு பள்ளம், சின்னச் சின்ன ஊர்கள். ஓரத்துக் கற்களின் தலையில் சிப்பாயின் இரும்புத் தொப்பி வார்த்து வைத்திருக்கிறார்கள். மற்றபடி நம் மாவட்டச் சாலைகள் போல ஒன்றுதான். நான் நடுவில் இறங்கி பெர்மை, அதாவது ரோட்டோர மண் விளிம்பை, மிதித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரி 21 அன்று, ஜெர்மானியர்கள் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த வெர்டனைத் தாக்கினார்கள். அந்த ஊருக்கு இரண்டு பெரிய ரயில் பாதைகள் உண்டு. ஒன்றை 1914-லேயே சாந்-மியேல் பக்கம் எதிரி அறுத்துவிட்டான். மற்றது பீரங்கி எட்டும் தூரத்தில். மிச்சம் குறுகலான ஒரு மீட்டர் கேஜ் ரயிலும் இந்த ரோடும். முந்தின வருஷம்தான் 7 மீட்டருக்கு அகலப்படுத்தியிருந்தார்கள். தார் கீர் கிடையாது, நாம் படித்த அதே டபிள்யூ.பி.எம்., ஜல்லி பரப்பித் தண்ணீர் விட்டு உருளையால் இறுக்குவது, இங்கே சுண்ணாம்புக்கல் ஜல்லி. அதுவும் மெத்துக் கல். அதன்மேல் பெர்லியே மாதிரி கம்பெனிகளின் லாரிகள், காற்று இல்லாத கட்டி ரப்பர் டயரோடு. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் நூறு வருஷம் ஓடினாலும் தாங்குகிற ரோட்டை அந்த டயர் ஒரு வாரத்தில் பொடியாக்கிவிடும். உனக்கே தெரியும்.

தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்னால், 19-ஆம் தேதி, பார்-லெ-டுக்கில் பிரெஞ்சுப் படை அதிகாரிகளின் ஒரு கூட்டம். லாரிப் பிரிவின் கேப்டன் டூமென்க், வயது முப்பத்தைந்து. இந்த ரோடு தாங்குமா என்று கேட்கிறார்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? எஸ்டிமேட் போட்டிருப்போம், அகலம் போதாது என்று குறிப்பு எழுதியிருப்போம், மேலே அனுப்பியிருப்போம். அந்த ஆள் தாங்கும் என்றார், ஒரு நிபந்தனையோடு: ரோடு முழுக்க லாரிக்கு மட்டும், அதிகாரமும் லாரிப் பிரிவுக்கு மட்டும். குதிரை வண்டி ஏறக்கூடாது. நடந்து போகும் படை பக்கத்து வயல் பாதையில் போகட்டும். டேய், ரோடு சர்வே என்று நாம் நாற்பது வருஷம் டேப் பிடித்தது எதை அளக்க? அகலம், கல்வெர்ட் என்கிற சிறுபாலம், வளைவு. அந்த ரோட்டில் யாரை ஏறவிடக்கூடாது என்று நம் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பிறகு ரோட்டை ஆறு பகுதியாக வெட்டினார்கள், ரயில்வேயில் பிளாக் பிரிப்பது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிகாரி, டெலிபோன், பழுது பார்க்கும் ஆட்கள். முந்திச் செல்லத் தடை. லாரி நின்றுவிட்டதா, யாருடையது என்று கேட்காமல் ஓரத்து டிச்சில், பள்ளத்தில் தள்ளு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உச்சத்தில் 14 வினாடிக்கு ஒரு வண்டி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாளைக்கு ஆறாயிரத்துக்கு மேல் வருகிறது. இரவும் பகலும். வாரத்துக்கு ஏறத்தாழ 90,000 ஆட்கள், 50,000 டன் சரக்கு.

மாத முடிவில் உறைபனி விட்டது, ரோடு களியானது. இந்த இடம்தான் எனக்குத் தூக்கம் வராமல் அடித்தது. ரோலர் விட வேண்டுமானால் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அங்கே பீரங்கிக்குக் குண்டு இல்லை. ஆகவே ஓரத்திலேயே குவாரி திறந்து கல்லை உடைத்தார்கள். வயசான ரிசர்வ் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டோரம் நின்று, ஒரு லாரி போய் அடுத்தது வருவதற்குள் பள்ளத்தில் ஒரு மண்வெட்டி ஜல்லி வீசுவார்கள். வருகிற லாரியின் சக்கரமே அழுத்திவிடும். லாரிதான் ரோலர்! நம் ஓவர்சியர் மாமா இதைக் கேட்டிருந்தால் ஸ்பெசிஃபிகேஷன் புத்தகத்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை தீபாவளிக்கு முன்னால் மூடுவதாகச் சொன்னார்கள், பொங்கல் வந்துவிட்டது. இத்தனைக்கும் எங்களை யாரும் சுடவில்லை.

சுயீ என்ற ஊரில் நின்றோம். அந்த ஊர் நகர்மன்றக் கட்டடத்தில்தான் வெர்டனைக் காத்த பிரெஞ்சுத் தளபதி பெத்தேன் தலைமையகம் வைத்திருந்தார், ரோட்டை ஒட்டியே. படிக்கட்டில் நின்று லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். படைகளை ஒரேயடியாக அங்கே விட்டுவைக்காமல் சுற்றுமுறையில் மாற்றிக்கொண்டே இருந்ததால், பிரெஞ்சுப் படையில் பெரும்பகுதி இந்த வழியாகப் போய்த்தான் வந்தது. அந்தப் படியில் நின்றபோது நம் டிராஃபிக் சென்ஸஸ் நினைவுக்கு வந்தது. அப், டவுன் என்று இரண்டு பத்தி போட்டுக் கோடு கிழிப்போமே. இங்கே இரண்டு பத்தியும் சமமாக வந்திருக்காது. பிரெஞ்சுத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 1,60,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஒழுங்காக ஓடிய ரோடு அவர்களை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

டூமென்க் பிற்பாடு ஜெனரல் ஆனார். 1939-இல் மாஸ்கோவுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போன பிரெஞ்சுக் குழுவின் தலைவர் அவர்தான். 1948-இல் ஆல்ப்ஸில் மலையேறும்போது இறந்தார். பெத்தேன் கதை உனக்குத் தெரியும், வேண்டாம்.

ஒரு சந்தேகம், நீதான் தீர்க்க வேண்டும், கல் விஷயத்தில் என்னைவிட நீ கில்லாடி என்று நாற்பது வருஷமாகச் சொல்லித் திரிகிறாயே. மெத்துச் சுண்ணாம்புக்கல், ஈரம், கட்டி டயர், ரோலர் இல்லை. சேறு மேலே ஏறாமல் எப்படி நின்றது? கல்லின் பொடியே ஈரத்தில் பிடித்துக்கொண்டதா, அல்லது கொட்டக் கொட்ட விழுங்கிக்கொண்டே இருந்ததா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. போனில் சொல்லாதே, போனில் நீ கத்துகிறாய். எழுது. பங்குனிக் கல்யாணத்துக்கு வருவாய்தானே, அந்த மூணாவது கல்வெர்ட் வழியாக வராதே, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அன்புடன்,
ராமு