பாப்பாவுக்கு, கடையில இருந்து

பாப்பா,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, கேட்டா இல்லன்னு சொல்லும். பெரியத்தை வீட்டு விஷயம் உனக்கே தெரியும், அத இதுல எழுத வேணாம். நேரத்துக்கு சாப்பிடுறியா?

போன்ல பேசலாம்னு பாத்தா எடுக்க மாட்டேங்குற. வாட்சப்ல "ம்", "சரிப்பா", "அப்புறம் கூப்பிடுறேன்பா", அவ்வளவுதான். குறை சொல்லல, வேலை இருக்கும். ஆனா நான் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு போன பாத்தா நீ ஆன்லைன்ல இருக்க, ஜெர்மனில அப்ப ராத்திரி ரெண்டு மணி. ஒரு நாள்னா பரவால்ல, தினமும்னா என்னான்னு நினைக்கிறது. அம்மாகிட்ட சொல்லல, சொன்னா அது உடனே திருப்பரங்குன்றத்துக்கு நேந்துக்கிட்டு உக்காந்துரும். வெள்ளன படு பாப்பா.

கடைல இப்ப நல்ல வரத்து. கமுதி, முதுகுளத்தூர் பக்கமிருந்து குண்டு வத்தல் மூட்டை மூட்டையா வருது. 2023ல புவிசார் குறியீடு வாங்குனதுல இருந்து எல்லாருமே "ஒரிஜினல் ராம்நாடு முண்டு"ன்னு சொல்லித்தான் விக்கிறான், காதுகிட்ட ஆட்டிப் பாத்தா விதை கலகலன்னு சத்தம் வரணும், காம்பு ஒடிச்சா டக்குன்னு ஒடியணும், இல்லன்னா ஈரம், அது தெரியாதவனெல்லாம் யாவாரம் பண்றான். புதுசா சேந்த பையன் மூட்டைய பிரிச்ச உடனே தும்மித் தும்மி கண்ணுல தண்ணி வந்து வெளிய ஓடிட்டான். நம்ம லோடுமேன் அண்ணன் அதே மூட்டை மேல உக்காந்து டீ குடிக்கிறாரு. நான் பையனுக்கு நீ சொன்ன கதைய சொன்னேன். நம்ம நரம்பு செல்லோட சுவர்ல டிஆர்பிவி1ன்னு ஒரு புரதம் இருக்கு, நாலு துண்டு சேந்து நடுவுல ஒரு வழி, 43 டிகிரிக்கு மேல சூடு பட்டாலும் திறக்கும், வத்தல்ல இருக்குற கேப்சைசின் பட்டாலும் திறக்கும், அதனாலதான் காரத்த சூடுன்னு உடம்பு எடுத்துக்குது, திறந்த வழியா கால்சியம் உள்ள போகப் போக அது தானா மரத்துப் போயிரும், அண்ணன் முப்பது வருஷமா மரத்துப் போய்த்தான் உக்காந்திருக்காருன்னேன். அண்ணனுக்கு பெருமை தாங்கல. கிளிக்கும் அந்த புரதம் இருக்கு ஆனா கேப்சைசின் அதுல வேலை செய்யாது, அதான் மீனாட்சி கைல இருக்குற கிளி எத்தன மிளகாய வேணும்னாலும் திங்கும்னு சேத்துச் சொன்னேன். இதெல்லாம் எங்க படிச்சீங்க மொதலாளின்னான். என் மக அதத்தான் படிக்குதுன்னேன். படிக்குதுல்ல?

போன வாரம் பெங்களூர்ல இருந்து சின்னவன் வந்திருந்தான். உன்ன பத்தி கேட்டேன். ஏதோ சொன்னான், நான் அதுக்கு மேல தோண்டிக் கேக்கல. உன் ஆராய்ச்சிய வேற ஊர்க்காரங்க முந்தி செஞ்சு பேப்பரா போட்டுட்டாகன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு, எனக்கு காது சரியா கேக்கல, அம்மா வேற காப்பியோட வந்துருச்சு. நீயா சொல்றப்ப சொல்லு.

காமராஜர் பல்கலைக்கழகத்துல இருந்து ரிட்டயர்டு ஆன புரொபசர் சார் மாசாமாசம் வத்தலுக்கு வருவாருல்ல, அவருகிட்ட பேச்சுவாக்குல, உன் பேர சொல்லாமத்தான், இந்த மாதிரி ஒருத்தர் பண்றத இன்னொருத்தர் முந்திக்கிறது சகஜமான்னு கேட்டேன். அரை மணி நேரம் பேசுனாரு. 1954ல மெட்ராஸ் யுனிவர்சிட்டில ராமச்சந்திரனும் கார்த்தாவும் தோல், எலும்புல இருக்குற கொலாஜன்ங்கிற புரதத்துக்கு மூணு இழை முறுக்குன்னு பேப்பர் போட்டாங்களாம். மறு வருஷமே அங்கிட்டு ரிச்சும் கிரிக்கும் மூணு இழை சரி, ஆனா உங்க கணக்குல சில அணு ரொம்ப நெருக்கமா வருது, அப்படி இருக்க முடியாதுன்னு திருத்தி வேற போட்டாங்களாம். மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும். ஆனா ராமச்சந்திரன் என்ன செஞ்சாருன்னா சரி எவ்வளவு நெருக்கம்தான் வரலாம்னு அதுவரைக்கும் தெரிஞ்ச படிக அமைப்பையெல்லாம் எடுத்து வச்சு அளந்திருக்காரு, அதுல இருந்து வந்ததுதான் 1963ல வந்த ராமச்சந்திரன் வரைபடம், புரதத்தோட இழை எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்க முடியாதுன்னு காட்டுறது. இன்னைக்கும் எந்த ஊர்ல எவன் புரதத்தோட அமைப்பு கண்டுபிடிச்சாலும் அதுல வச்சுத்தான் சரி பாக்கணும்னு நீயே சொல்லிருக்க, ஆனா இந்த முன்கதைய நீ சொல்லல. நோபல் அவருக்கு குடுக்கல, அது வேற.

நான் உனக்கு புத்தி சொல்ல எழுதல. எனக்கு தெரிஞ்சது வத்தல் யாவாரம். ஆனா நீ பொங்கலுக்கு வந்தப்ப மாடில உக்காந்து சொன்னது எனக்கு மறக்கல. கொழுப்புச் சவ்வுல இருந்து அந்த டிஆர்பிவி1 புரதத்த சோப்பு மாதிரி ஒன்னு போட்டு உரிச்சு எடுக்கணும், சோப்பு கூடுனா சிதைஞ்சு போயிரும், அப்புறம் சின்னதா ஒரு கொழுப்பு வட்டத்துல உக்கார வச்சு, மூணு மில்லிமீட்டர் வலைல ஊத்தி, தண்ணி ஐஸ் ஆகக்கூட நேரம் குடுக்காம திரவ ஈத்தேன்ல முக்கி உறைய வைக்கணும், அதுல லட்சக்கணக்குல படம் எடுக்கணும்னு சொன்ன. அந்த வழி மூடி இருக்குறதும் திறந்து இருக்குறதும் 2013லயே படமா வந்துருச்சுப்பா, நடுவுல அது எப்படி அசையுதுங்கிறதுதான் தெரியணும்னு கைய விரிச்சு விரிச்சுக் காட்டுன. கடை காலண்டர்ல அழகர் ஆத்துல நிக்கிற போட்டோ இருக்கு, அத பாத்து மலையில இருந்து எந்தெந்த மண்டகப்படில நின்னு வந்தாருன்னு சொல்ல முடியுமா. யாரு எந்த போட்டோவ முந்தி போட்டா என்ன, வழி பூராவும் ஒருத்தரே பாத்துருக்க முடியாதுல்ல. தப்பா சொன்னேன்னா சிரிச்சிக்க.

எங்கள நினைச்சு எதையும் மறைக்காத, மறைக்கிறன்னு சொல்லல. எம்எஸ்சில அந்த ஒரு பேப்பர் போனப்பவும் இப்படித்தான் நாலு நாள் பேசாம இருந்த, அம்மா உன் ரூம் வாசல்லயே உக்காந்திருந்துச்சு. இப்ப எந்த வாசல்ல போய் உக்காரும் சொல்லு. காசு வேணும்னா கேளு, இந்த வருஷம் வெலை பரவால்ல. திருவிழாவுக்கு வான்னு கூப்பிடல, டிக்கெட் என்ன வெலைன்னு எனக்கு தெரியும். சாப்பிடு, ராத்திரி முழிக்காத.

அம்மா இட்லிப் பொடி, பருப்புப் பொடி, குண்டு வத்தல் அரைச்ச சாம்பார் பொடி மூணும் கட்டி வச்சிருக்கு. நாளைக்கு கூரியர்ல போடணும். உன் அட்ரஸ் அந்த பழைய அட்ரஸ்தானா, லேப் பேருக்கு போடவா ரூம் பேருக்கு போடவா? அத மட்டுமாவது எழுது.

அப்பா