அம்மாவைக் காத்தவர்களுக்கு எங்கள் நன்றி

இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் கிடந்த எங்கள் அம்மா இன்று ஊன்றுகோலுடன் தெருமுனை வரை போய்வருகிறார். அதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும்.

முதல் வணக்கம், வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் தமிழக அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் அக்காவுக்கு. 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. அக்கா வந்தது ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க. கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போர்வையை விலக்கி இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிப் பளபளத்தது; தொட்டால் சுட்டது. "எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள், இன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்" என்றார்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்ததும், உள்ளே இருக்கும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. அந்த ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்தாம். மருந்து கட்டியை வளரவிடாமல் தடுக்கும், கரைக்கும் வேலையை உடம்பே மெல்லப் பார்த்துக்கொள்ளும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் எங்கள் கலக்கம் அடங்கியது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை முழுதாக வேலைசெய்யச் சில நாட்கள் ஆகும் என்பதால், அதுவரை அதே வேலையை உடனே செய்யும் ஹெப்பாரின் ஊசியும் வயிற்றில் போட்டார்கள். அம்மாவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஊசி போட்ட செவிலியர்களே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையின் அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். அது ஏறியிருந்த அன்று, முடிவை வாங்க நாங்கள் வரும்வரை காத்திராமல் போனில் அழைத்துச் சொன்னார் பரிசோதனைக்கூடத் தம்பி. அன்றே மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

மருந்துக்கடை அண்ணனை என்னவென்று சொல்வது! மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் கேட்டேன். கையில் எடுத்தவர், "அம்மா வார்ஃபரின் சாப்பிடுகிறார் அல்லவா? இதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார். அந்த ஒரு மறுப்புக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

களியும் கீரைக் கடைசலும் தந்தனுப்பும் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் நன்றி. கீரை திடீரென்று கூடினாலும் குறைந்தாலும் மருந்தின் வேகம் மாறும் என்று ஒருமுறைதான் சொன்னோம். அதன்பின் எப்போதும் அதே கிண்ணம், அதே அளவு.

மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரை தொடரும். மாம்பழப் பருவத்தில் எல்லோரும் குடும்பத்தோடு வீட்டுக்கு வாருங்கள். எப்போது வருவீர்கள் என்று அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

நன்றியுடன்,
அம்மாவின் பிள்ளைகள்,
காவேரிப்பட்டணம்